ஆடிக்கு முன்னால் போன ஃபிரிட்ஜ்

ஆனி மாதத்தின் கடைசி நாள், வியாழக்கிழமை. விடிந்தால் ஆடி. ஆடி மாதத்தில் எங்கள் முதலாளி பஞ்சாட்சரம் ஒரு நாற்காலியைக்கூட வாசல் தாண்டி நகர்த்த மாட்டார். ஆகவே லேபில் இருக்கும் கருவிகள் எல்லாம் அன்று பொழுது சாய்வதற்குள் வெளியே போயாக வேண்டும் என்றார். இதை அவர் சொன்னது அன்று காலையில். ஒரு வாரம் முன்பே சொல்லியிருக்கலாம். அப்போது அவருக்கு ஆடி ஞாபகம் வரவில்லை.

லேப் திருத்தணியில் மலைக்குப் பிரியும் சாலையில் இருந்தது. இனி அங்கே பரிசோதனை கிடையாது. ரத்தம் எடுத்துத் திருவள்ளூருக்கு அனுப்பும் வேலை மட்டும். அதற்கு ஒரு மேசை போதும். மீதி இடத்தில் கவரிங் நகைக் கடை வருகிறது. கருவிகளில் சில விலைக்குப் போகின்றன, சில கழிவுக்குப் போகின்றன.

லேபைப் பார்த்துக்கொண்டது நான். படித்தது மைக்ரோபயாலஜி. அன்றுவரை யாரும் அதை என் குறையாகச் சொன்னதில்லை.

லேபில் ஓடிய கருவியை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது. கிருமி நீக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை முதலில் எடுக்க வேண்டும். பிறகு ஹைப்போ எனும் பிளீச்சிங் கரைசலால் நனைத்து அரை மணி நேரம் ஈரமாகவே விட வேண்டும். பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். உலோகமாக இருந்தால் காய்ந்த பிறகு ஸ்பிரிட். கடைசியில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி ஒட்ட வேண்டும். இதில் கஷ்டமானது ஹைப்போ அல்ல. அந்த அரை மணி நேரம்தான்.

"அதான் தொடைச்சிட்டியே வளவா, அப்பறம் இன்னா பாத்துகினு கீற?" என்றார் பஞ்சாட்சரம். நான் ரத்தக் குழாய்களைச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஊறணும் சார். அரை மணி."

"இன்னா, வேட்டியா ஊறறதுக்கு?"

அவருடைய மச்சான் டில்லிபாபு வாசலில் குட்டி யானை வண்டியை நிறுத்திவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். ஏற்றி இறக்கும் வேலை அவனுடையது. "சாரு, கரோனா போயி எத்தினி வருசம் ஆச்சி. உன்ன உட்டுப் போவ மாட்டேங்குது பாரு" என்றான்.

சென்ட்ரிஃபியூஜை வாங்கப் போகிறவர் பள்ளிப்பட்டில் லேப் வைத்திருப்பவர். அதன் உள்ளே, குழாய் வைக்கும் கிண்ணத்தின் அடியில், காய்ந்து கறுத்த ரத்தம் இருந்தது. எப்போதோ உடைந்த குழாய். அதை எடுத்துக் காட்டினேன். பஞ்சாட்சரம் எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்கறவன் வந்து கழுவிக்குவான்" என்றார்.

"அவருக்குத் தெரியாதே சார்."

"தெரியலனா அப்பறம் இன்னா பயம்?"

இப்படித்தான் போயிற்று. இன்குபேட்டர் ஊறிக்கொண்டிருக்கும்போதே டில்லிபாபு அதைத் தூக்கி வண்டியில் வைத்தான். இறக்கச் சொன்னேன். இறக்கினான். கை எரிகிறது என்றான். கையுறை போடாமல் ஹைப்போவைத் தொட்டால் எரியும் என்றேன். "முன்னாடியே சொல்ல வாணாமா?" என்றான். காலையில் நான் கொடுத்த கையுறை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. வடை எண்ணெய் ஒட்டாமல் இருக்க ஒரு விரலை மட்டும் வெட்டி மாட்டியிருந்தான்.

ஒன்றரை மணிக்கு பஞ்சாட்சரமே எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"ராகு காலம். மூணு மணி வரைக்கும் ஒரு ஸ்குரூகூட வெளிய போவக் கூடாது."

"ஒன்றரை மணி நேரம் ராகுவுக்குக் குடுக்கறீங்க சார். எனக்கு அரை மணி குடுக்க மாட்டீங்களா?"

"ராகுவும் நீயும் ஒண்ணாடா?"

"பாவா, ராகுகூட ஒன்றரை மணில உட்டுடுவாரு. இவரு உட மாட்டாரு" என்றான் டில்லிபாபு.

நான் வேலை பார்த்தேன். ஆட்டோகிளேவ், நுண்ணோக்கி, குழாய்களைச் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டி மூன்றையும் அந்த நேரத்தில்தான் ஒழுங்காக முடிக்க முடிந்தது. அன்று எனக்கு ஒத்தாசை செய்தது ராகு மட்டும்.

மிச்சம் ஃபிரிட்ஜ்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சளி, சீழ், ரத்தம் எல்லாம் பரிசோதனைக்கு முன் அதில்தான் இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் ஐஸ் இறுகிவிட்டது என்று டில்லிபாபு ஸ்குரூ டிரைவரால் குத்தினான். உள்பக்கப் பின்சுவர் பிளந்தது. பஞ்சாட்சரம் விரிசலின்மேல் பிளாஸ்டர் ஒட்டினார். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர். இந்தச் சித்திரையில் மேல் தட்டு உடைந்து விழுந்தது. சளி டப்பாக்களும் ரத்தக் குழாய்களும் கொட்டி அந்தச் சுவர் வழியே இறங்கின. தட்டுகளைத் துடைத்தேன். விரிசலுக்குள் போனதைத் துடைக்க முடியாது. சுவருக்குப் பின்னால் இருப்பது நுரை. குடித்துக்கொள்ளும். இருட்டு, குளிர், ஈரம். கொட்டிய சளியில் இரண்டு காசநோயாளிகளுடையது.

அதை வெளிப்புறம் சுத்தம் செய்யலாம். உள்ளே முடியாது. ஹைப்போ அடித்து ஊறவிட்டு, கதவைக் கழற்றி, பிளக்கை வெட்டி, இனி எவரும் மின்சாரம் கொடுத்துப் பயன்படுத்த முடியாதபடி கழிவுக்கு அனுப்ப வேண்டும். பஞ்சாட்சரத்திடம் மூன்று முறை சொன்னேன். கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன். 'தொற்று உள்ளது. பயன்படுத்தக் கூடாது.'

ஹைப்போ கேனைச் சாய்த்தால் ஒன்றும் வரவில்லை. காலையில் கரைசல் கலக்கும்போது பாதி இருந்தது.

"உங்க அக்கா எடுத்துகினு போச்சி. பாத்ரூம் கழுவ" என்றார் பஞ்சாட்சரம். அவர் மனைவியை அவர் எங்கள் எல்லோருக்கும் அக்கா ஆக்கியிருந்தார்.

என் பைக்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் போனேன். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர் தேடினார், தேடிக்கொண்டே தொலைபேசியில் பேசினார். திரும்பும்போது ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் கால் ஏற்றிய லாரி சாலையின் குறுக்கே திரும்ப முடியாமல் நின்றது. நான் லேபுக்குள் நுழையும்போது நான்கரை இருக்கும்.

ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாகத் தூசு இருந்தது. நான் ஒட்டிய காகிதம் குப்பைக் கூடையில் கிடந்தது.

"சார், ஃபிரிட்ஜ் எங்க?"

"ராகு காலம் முடிஞ்ச கையோட கெளப்பிட்டேன். எல்லம்மா கேட்டுகினே இருந்தா. பொண்ணுக்கு சக்கர ஊசி வெக்கணுமாம். புண்ணியமா போவட்டும்னு குடுத்துட்டேன்."

எல்லம்மாள் எங்கள் லேபைக் கூட்டித் துடைப்பவர். கே.ஜி.கண்டிகையில் வீடு. மகள் கனிமொழிக்குச் சிறுவயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

"அது கழிவுக்குப் போறதுன்னு சொன்னேனே சார்."

"ஓடற ஃபிரிட்ஜுடா. ஓடறத எவனாவது காயலான் கடைக்குப் போடுவானா?"

"காகிதத்த ஏன் கிழிச்சீங்க?"

"ஒரு வூட்டுக்குப் போற பொருள்ல 'தொற்று'ன்னு எழுதியா அனுப்புவாங்க? நல்லாவா இருக்கும்?"

"அது அந்தப் பொண்ணு ஊசி வெக்கற ஃபிரிட்ஜ் சார். சக்கர இருக்கறவங்களுக்கு டி.பி. சீக்கிரம் புடிக்கும். உங்களுக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். குரலை இறக்கினார். "வளவா, உனக்கு மனசு சரியில்ல. நான் புரிஞ்சிக்கிறேன். ரெண்டு நாள் லீவு போட்டுட்டு எங்கயாவது போயிட்டு வா."

என் மனைவி பிரபாவதி இறந்து பத்து மாதம் ஆகிறது. சித்தூர் ரோட்டில் ஒரு லாரி. அதன் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது துக்கத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கையுறை போடு என்றால் துக்கம். ஹைப்போ தீர்ந்துவிட்டது என்றால் துக்கம். காசநோய்க் கிருமியும் அதில் சேர்ந்துவிட்டது.

ஹைப்போ கேனோடு ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்கு பைக்கை விட்டேன்.

*

டில்லிபாபுவின் குட்டி யானை தெரு முனையில் நின்றது. அவன் டீக்கடையில் இருந்தான். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாருய்யா" என்று கடைக்காரரிடம் சொன்னான்.

எல்லம்மாளின் வீடு ஒரே அறை. கதவுக்கு எதிரே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் நின்றது. அதற்கு மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். தலையில் ஒரு முழம் கதம்பம். முன்னால் கற்பூரம் எரிந்த கறை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பார்க்க வந்து நின்றிருந்தார்கள்.

"வாங்க சார், வாங்க. கனி, சாருக்குத் தண்ணி குடு. சில்லுனு ஆயிருக்கும் பாரு."

"வேணாங்க்கா. தண்ணி வெச்சிட்டீங்களா உள்ள?"

"ஆங். தண்ணி, கனி மருந்து, இவங்க வூட்டுப் பாலு ரெண்டு பாக்கெட்டு."

கதவைத் திறந்தேன். கதவின் உள்தட்டில் இன்சுலின் பெட்டி. பால் பாக்கெட்டுகள் இரண்டும் பின்சுவரில் ஒட்டி, சரியாக அந்தப் பிளாஸ்டரின் மேல் சாய்ந்திருந்தன.

பால் பாக்கெட்டுகளை எடுத்து வெளியே வைத்தேன். "இதைக் குடிக்கக் கூடாது" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தி, "இன்னா சார், பாலு உன்ன இன்னா பண்ணுச்சி?" என்றாள்.

விளக்கினேன். விரிசல், நுரை, சளி, கிருமி. என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். எல்லம்மாள் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்.

"இத தெனமும் தொடைச்சது யாரு சார்?"

"நீங்கதான்."

"ஒம்போது வருசமா. எனக்கு இன்னா ஆச்சி?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆபத்து சிறியதாகவே இருக்கலாம். சிறியது என்றால் இல்லை என்று அர்த்தம் அல்ல. உங்கள் உடம்பும் கனிமொழியின் உடம்பும் ஒன்று அல்ல. இதைச் சொன்னேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். 'பாவம், பொண்டாட்டி போயிட்டா.'

கனிமொழி பிளஸ் டூ. உயிரியல் பிரிவு. அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, பொய் சொல்லாம சொல்லுங்க. உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இதுல வெப்பீங்களா?"

"மாட்டேன்."

அவள் போய் இன்சுலின் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். சீல் உடையாத குப்பிகள். ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். காலி அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டேன்.

"இப்ப எங்கடி வெப்ப?" என்றார் எல்லம்மாள். குரல் மாறியிருந்தது. "மறுபடியும் சடகோபன் கடைலயா?"

சடகோபன் டீக்கடைக்காரர். இதுவரை கனிமொழியின் மருந்து அவர் கடை ஃபிரிட்ஜில்தான் இருந்தது. மின்கட்டணம் பார்த்து அவர் கடை மூடும்போது ஃபிரிட்ஜையும் நிறுத்திவிடுவார். கோடையில் மருந்து கெட்டிருக்கிறது. தெரியாமல் அதையே போட்டு, கனிமொழி மயங்கி, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். இது எனக்குத் தெரியும். லேபில் அவளுடைய ரத்தத்தைப் பார்த்தவன் நான்தான்.

"அந்தாளு கடைல போயி நிக்கறப்பெல்லாம் சொல்லுவான் சார். 'இன்னா எல்லம்மா, உன் பொண்ணு மருந்த வெச்சா என் தயிர வெக்க எடம் இல்லையே'ன்னு. இனிமே எவன் வாசல்லயும் நிக்க மாட்டேன்னு சொல்லித்தான் இத எடுத்துகினு வந்தேன். நீ இப்ப வந்து எடுக்கச் சொல்ற."

"எடுத்தே ஆகணுங்க்கா. டில்லிபாபு வண்டி நிக்குது. இப்பவே ஏத்திடலாம்."

"இன்னைக்கி வெளக்கு வெக்கற நேரம் ஆவப் போவுது. வெளக்கு வெச்சப்பறம் வூட்டுப் பொருள வெளிய அனுப்ப மாட்டேன்."

"நாளைக்குக் காலையில?"

"நாளைக்கி ஆடி வெள்ளிக்கெழம. லச்சுமி வூட்டுக்கு வர்ற நாளு. வந்தத வெளிய அனுப்புவாங்களா?"

"சனிக்கிழமை?"

"சனிக்கெழம குடுத்தா திரும்பி வராது."

"திரும்பி வரவே வேணாமே அக்கா! ஞாயித்துக்கிழமை?"

"ஆடி பொறந்துட்டா, முடியட்டும் சார்."

ஒரு மாதம். நான் வாசலுக்குப் போய் நின்று மூச்சு விட்டேன். நாள் முழுக்க ஒருவருக்கு ஆடி வருவதற்குள் எல்லாம் வெளியே போக வேண்டும். இன்னொருவருக்கு ஆடி போகும்வரை எதுவும் வெளியே போகக் கூடாது. நடுவில் நான் ஒரு கேன் ஹைப்போவுடன்.

"எல்லம்மாக்கா, வேற ஃபிரிட்ஜ் வந்தா?"

"எங்கேர்ந்து வரும்?"

"வந்தா?"

அவர் யோசித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்தார். அவர்களும் யோசித்தார்கள். அவர்களில் மூத்தவள்தான் சொன்னாள். "ஒண்ணு உள்ள வந்து, அப்பறம் ஒண்ணு வெளிய போனா தப்பில்ல எல்லம்மா. எடம் காலியாவ இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

"ஆங்" என்றார் எல்லம்மாள். "வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்தா, இது போவட்டும்."

*

டில்லிபாபு வர மாட்டேன் என்றான். மூன்றாவது சுற்று என்றான், முதுகு என்றான், பாவா திட்டுவார் என்றான். அந்த விரிசலைப் போட்டது அவனுடைய ஸ்குரூ டிரைவர் என்று ஞாபகப்படுத்தினேன். சடகோபன் கடையில் நான்கு பேர் முன்னால். வந்தான்.

"யாரு வூட்டு ஃபிரிட்ஜு?" என்றான் வழியில்.

"என் வீட்டுது."

வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு, "உனக்கு வாணாமா?" என்றான்.

"தண்ணி பாட்டில்தான் இருக்கு."

அது பிரபாவின் அப்பா சீராகக் கொடுத்தது. பச்சை நிறம். பிரபாவே கடையில் நின்று எடுத்தது. நான் சாம்பல் நிறம் சொன்னேன். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றாள்.

கதவைத் திறந்து சாமான்களை வெளியே எடுத்தேன். தண்ணீர் பாட்டில் மூன்று. சுருங்கிய தக்காளி ஒன்று. மாமியார் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், திறக்காதது. டில்லிபாபு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"சீக்கிரம் சாரு. வெளக்கு வெச்சிட்டா அந்தம்மா உள்ள உடாது."

மேலே ஃபிரீசர். அதில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பிரபா இஞ்சி பூண்டை அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைப்பாள். கட்டிகளை உதிர்த்து டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மாதத்துக்கு வரும் என்பாள். பதினொன்று இருந்தன. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். எடுப்பதற்கு ஒரு காரணம் வரவில்லை.

டப்பாவை அடுப்பு மேடையில் வைத்தேன்.

சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தட்டுகளைத் துடைத்தேன். கதவின் ரப்பர் மடிப்புகளில் மாவு காய்ந்திருந்தது. இட்லி மாவு. அதை விரலால் வழித்தேன். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மடிப்பு நீளமாக இருந்தது.

"இதுவும் அரை மணி ஊறணுமா?" என்றான் டில்லிபாபு. கேலியாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் அது கேலியாக இல்லாமல் போயிற்று.

"வேணாம்."

"ஊறட்டும்னாலும் நிக்கறேன் சாரு."

"இதுல ஒண்ணும் இல்ல டில்லி. தூக்கு."

தூக்கினோம்.

*

எல்லம்மாள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். வண்டியில் நின்ற பச்சை ஃபிரிட்ஜைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வருடம்தோறும் ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பொரி வாங்கிப் போனவர்.

"இது பிரபாம்மாவுது ஆச்சே சார்."

"ஆமா."

அவர் நகரவில்லை. செத்தவள் பொருள் என்று நிறுத்திவிடப் போகிறார் என்று நினைத்தேன். ஆடிக்கு முந்தைய நாள் என்பார். அந்த நிமிடம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் ஃபிரிட்ஜைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சுமங்கலியா போன மவராசி. அவ பொருளு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். கொண்டா உள்ள."

பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து தொட்டார்கள்.

நான் உயிரோடு இருப்பதால் அவள் சுமங்கலி. நாள் முழுக்க எனக்கு எதிராக இருந்த சாஸ்திரம் கடைசியில் என் பக்கம் வந்தது. வந்த வழி இது.

பச்சை உள்ளே போயிற்று. வெள்ளை வெளியே வந்தது. இரண்டும் வாசலில் ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எல்லம்மாள் வெள்ளையின் தலையிலிருந்த கதம்பத்தை எடுத்துப் பச்சையின்மேல் வைக்கப் போனார். "பூ வேணாம்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். "அது அதோடயே வரட்டும். நீங்க வேற பூ வெச்சிக்கோங்க. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க. எல்லாரும்." கழுவினார்கள். முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்கள்.

வெள்ளை நின்ற இடத்தையும் துடைத்தேன். பிறகு கனிமொழியிடம் சொன்னேன். "மருந்து நடுத் தட்டுல. ஃபிரீசர்ல வெக்காத, பின்சுவர்ல ஒட்டியும் வெக்காத, உறைஞ்சா கெட்டுடும். கதவு சரியா மூடாது. கீழ காலால ஒரு இடி இடிக்கணும்."

"யாருண்ணா சொன்னாங்க?"

"பிரபா அப்படித்தான் மூடுவா."

அவள் இடித்துப் பார்த்தாள். மூடிற்று.

எல்லம்மாள் விளக்கேற்றினார்.

*

லேபின் பின்புறம் சிமெண்ட் தரை. அங்கே ஃபிரிட்ஜை இறக்கினோம். பஞ்சாட்சரம் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, "போன பொருள திருப்பிக் கொணாந்துட்டியா! ஆடி பொறக்கப் போவுதுடா!" என்றார்.

"இது வெளிய தான சார் இருக்கு. உள்ள வரல" என்றேன்.

அது அவருக்குச் சரியாகப் பட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்.

முகக்கவசம், கையுறை மாட்டிக்கொண்டேன். டில்லிபாபுவும் மாட்டினான், சொல்லாமலே. புதுக் கையுறை, ஐந்து விரலோடு. சந்தனத்தையும் குங்குமத்தையும் வழித்தேன். உள்ளும் புறமும் ஹைப்போ அடித்தேன். பிளாஸ்டரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஈரத்தில் அது அப்படியே உரிந்து வந்தது. கீழே விரிசல், விரல் நுழையும் அகலம். உள்ளே நுரை மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். பழுப்பும் கறுப்புமாக இருந்தது. அழுத்தினால் கசிந்தது.

டில்லிபாபு குனிந்து பார்த்தான்.

"இதுமேலதான பாலு வெச்சிருந்தாங்க" என்றான்.

விரிசலுக்குள் ஹைப்போவை ஊற்றினேன். எங்கே வரை போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் கழிவு. அவனிடம், "அரை மணி" என்றேன்.

"தெரியும்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். மலைமேல் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவன் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. முடிந்ததும் தண்ணீரால் துடைத்தோம். அவனே தன் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து கதவைக் கழற்றினான். நான் பிளக்கை வெட்டினேன். உள்ளே இருக்கும் குளிரூட்டும் வாயுவை எடுக்கிற மெக்கானிக் சனிக்கிழமை வருவார். கிழித்துப் போட்ட காகிதத்துக்குப் பதில் இந்த முறை ஃபிரிட்ஜின் உடம்பின் மேலேயே பெயின்டால் எழுதி வைத்தேன்.

"சாப்ட்டியா சாரு?" என்றான் கிளம்பும்போது.

"சாப்பிடறேன்."

வீட்டுக்கு வந்தபோது அடுப்பு மேடையில் டப்பாவைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. கட்டிகள் உருகி ஒன்றாகிவிட்டன. அறை முழுக்க இஞ்சி, பூண்டு மணம். இனி உறைய வைக்க இடம் இல்லை. நாளைக்குக் கெட்டுவிடும்.

பத்து மாதமாக நான் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. காலையில் டீக்கடை, மதியம் மெஸ், மற்ற நேரம் பிஸ்கட். சிலிண்டரில் எரிவாயு இருக்கிறதா என்றே தெரியவில்லை. இருந்தது. கீழ் வீட்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கடன் கேட்டேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. தேங்காயும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

விழுது முழுவதையும் போட்டுவிட்டேன். அவள் ஒரு தடவைக்கு ஒரு கட்டிதான் போடுவாள். குருமா கசந்தது, கண்ணில் நீர் வரும் அளவுக்குக் காரம். ஒரு வீட்டுக்கு ஆகும் அளவு இருந்தது. மிச்சம் வைக்க ஃபிரிட்ஜ் இல்லை.

டில்லிபாபுவுக்குப் போன் செய்தேன். "டில்லி, வண்டிய எடு. சாப்பிட வா."

"இன்னா கொழம்பு?"

"வந்து பாரு."

"கையக் கழுவிட்டு அரை மணி ஊற வெச்சிட்டு வரணுமா?"

"கழுவிட்டு வந்தா போதும்" என்றேன்.